போகிற போக்கில்

நான் அவன் ரசிகை இல்லை.
முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.
ருஜெரோ மால்தேஸியின் படம் எதற்கும்
வரிசையில் நின்றவள் இல்லை.
முதல் படத்துக்கு மழைதான் காரணம்.
ஜெனோவாத் துறைமுகத்தின் பின்தெருவில்
குடையில்லாமல் ஒதுங்கிய இடம்
ஒரு தியேட்டர் வாசல்.
உள்ளே போனபோது
வங்கியை ஏற்கெனவே கொள்ளையடித்துவிட்டார்கள்.
யார் என்று இன்றுவரை தெரியாது.

அப்புறம் துண்டு துண்டாய்.
சவோனா போகும் வழியில் ஒரு மதுக்கடை டிவி.
பல் பிடுங்கக் காத்திருந்த மதியம்.
சார்டீனியாக் கப்பலில், அலை தூக்கித் தூக்கிப் போட,
அவன் கயிற்றுப் பாலத்தில், நான் வாளியருகில்.
அந்த ஒரு படத்தில் மட்டும்
இருவருக்கும் ஒரே நிலைமை.

பதினொன்றோ பன்னிரண்டோ இருக்கும்.
கமிஷனராக ஐந்து. கடத்தல்காரனாக இரண்டு.
காட்டில் வைரம் தேடுகிறவனாக ஒன்று,
அல்லது காடு ஒன்று, படம் இரண்டு.
எதையும் தலையும் வாலுமாய்ப் பார்த்ததில்லை.
மனசுக்குள் தையல் பிரிந்து
ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன:
மிலானில் சுட்டவனை
அமேசானில் பிடிக்கிறான்.
மீசை முளைக்கிறது, மறைகிறது,
அதற்குள் மனைவி இறந்துபோகிறாள், நான்கு முறை.

எனக்கு டயர்க் கடை. கண் அங்கேதான் போகும்.
துரத்தல் தொடங்கும்போது புது டயர்.
மீன் சந்தையைக் கலைக்கும்போது வழுக்கை.
பாலத்தில் மறுபடி புதிது.
"நிவெஸ், கொலையைப் பார், சக்கரத்தை விடு"
என்பான் எஸியோ.
அவனுக்கு யார் செய்தது என்று தெரிந்தாக வேண்டும்.
எனக்கு, அந்த வண்டி இன்னும் எப்படி ஓடுகிறது என்று.

ஒருமுறை எங்கள் சந்திலேயே ஓடினான்.
சத்தியமாய் என் ஜன்னல்,
கொடியில் காயும் பச்சைப் போர்வை என்னுடையது.
அதன் கீழே குனிந்து வலப்பக்கம் திரும்பினான்.
திரும்பியதும் நேப்பிள்ஸ்.
அந்த முனைக்குப் பின்னால்
கருவாட்டுக் கடை தவிர ஒன்றும் கிடையாது.
மறுநாள் காலை போய்ப் பார்த்தேன்,
வெட்கமாய்த்தான் இருந்தது.
கருவாட்டுக் கடைதான்.

அந்த ஓட்டத்தில்தான் கவனித்தேன்:
காது.
முகம் காட்டும்போது தலையோடு ஒட்டியிருப்பது
முதுகு காட்டும்போது விரிகிறது,
ஜாடியின் கைப்பிடி போல.
கூரைக்குக் கூரை தாவுகிறவன் வேறு.
கண்ணாடியை உடைத்து விழுகிறவன் வேறு.
மால்தேஸி எழுந்து தூசி தட்டுகிறான்.

சக்கரம் மாற்ற வந்த பாரோதியிடம் கேட்டேன்.
ஓய்வுபெற்ற சுங்க அதிகாரி, அவர்தான் ரசிகர்,
நாற்பத்தொரு படம், தேதியோடு ஒப்பிப்பார்.
"எல்லாம் அவரே செய்தது, பேட்டியில் சொன்னார்" என்றார்,
தன் டயரில் நான் ஆணியைச் செருகியது போலப் பார்த்து.
நான் சொன்ன அந்த வங்கி
வங்கியே இல்லையாம். சூதாட்ட விடுதி.

பிறகு தேடியதெல்லாம் அந்தக் காதைத்தான்.
தேடினேன் என்றால், டிவி ஓடினால் பார்த்தேன்.
படம் மாற மாற
அது கொஞ்சம் கொஞ்சமாய்ப் பின்தங்கியது.
ஒன்றில், கடைசிப் படிக்கட்டில்,
கால் வைக்குமுன் ஒரு கை சுவரைத் தொட்டது.
கதையில் அதற்குக் காரணம் இல்லை.
ஜாக்கி பக்கத்தில் குந்தி எழுந்தால்
என் இடது முழங்காலும் அப்படித்தான் சுவர் கேட்கும்.

போன பிப்ரவரி, எஸியோ தூங்கிவிட்டான்.
இரவு ஒன்றரைக்கு ஒரு பழைய படம்.
முதன்முறையாக எழுந்துபோகாமல் இருந்தேன்.
கொலைகாரன் மருத்துவர்.
(காலையில் எஸியோவிடம் சொல்ல வேண்டும்.)
பெயர்கள் ஏறத் தொடங்கின:
ஒளி, ஒலி, ஒப்பனை,
குதிரைகளைப் பழக்கியவர் வரைக்கும் வந்தாயிற்று.
அப்போது படத்தைச் சுருக்கி மூலையில் தள்ளிவிட்டு
ஒரு பெண் நாளைய வானிலை சொன்னாள்.
லிகூரியாவில் மழை.
அவள் முழங்கைக்குக் கீழே
எறும்பளவு எழுத்துகள்
இன்னும் ஏறிக்கொண்டிருந்தன.
மூக்குக்கண்ணாடி தேடப் போனேன்.