எட்டெழுத்து

வெள்ளிக்கிழமை, முதல் ஹார்பர் லோக்கல்.
காலிக் கூடையோடு எதிரே உட்கார்ந்த மீன்காரி கேட்டாள்,
இந்நேரத்துக்கு எங்கே?
சோர் பஜாருக்கு. பொம்மை வாங்க.
பிள்ளைக்கு எத்தனை வயசு?
நாற்பத்தொண்ணு என்றேன்.
காட்டன் கிரீன் வரை சிரித்தாள்.

இர்ஷாத் பாயின் தார்ப்பாயில்
ஜோடியில்லாச் செருப்பு, மிக்ஸி மூடி,
எந்த டிவிக்கும் சேராத ரிமோட்டுகள்.
நான் வந்தால் டார்ச்சை மூலைக்குத் திருப்புவார்.
அங்கேதான் கேசட் கிடக்கும், கிலோ கணக்கில்.

ஒன்பது லட்சத்துச் சொச்சம் ஆட்டம்
ஒரே கேசட்டில் என்கிறது அட்டை.
உள்ளே இருப்பது ஏழு.
அதே ஏழுதான், மேகத்தின் நிறத்தை மாற்றி மாற்றி.
எனக்கு ஏழுமே பிடிக்கும்.

ஊதாதே என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.
வாயின் ஈரம் செம்பைத் தின்னும்.
காது குடையும் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு
ஒவ்வொரு பல்லாய்த் துடைக்க வேண்டும்.
ரத்த வங்கியில் பகலெல்லாம் செய்வதும்
ஏறக்குறைய இதுதான்.
சிலதுக்குள் பொட்டளவு பேட்டரி.
அது செத்தால் யாரோ வென்ற கோட்டையெல்லாம் போச்சு.
புதியதை ஒயரில் தொட்டு வைத்துக்கொண்டே
பழையதைக் கழற்றுவேன்.
அந்த ஒன்றரை நிமிஷம்
தவசிங் பேசக்கூடாது, ஃபேன் சுற்றக்கூடாது.

இன்று கேசட் இல்லை.
அரிசிச் சாக்கில் பொம்மைகள்,
அடிப்பீடத்துக்குள் சில்லு வைத்தவை.
ஒளிமேடையில் நிறுத்தினால்
டிவிக்குள் எழுந்து நடக்கும் சாதி.
நாற்பது ரூபாய்க்கு ஒரு நத்தை எடுத்தேன்,
ஓட்டின்மேல் ஈட்டி, உடம்பெல்லாம்
யாரோ பூசிய ஊதா நகப்பாலிஷ்.

இவை மறக்காது.
வாங்கிய காசு, ஏறிய நிலை,
முதலில் வைத்தவர் இட்ட பெயர்,
எல்லாம் காலடியிலேயே.
புது வீட்டில் நிறுத்தினால் டிவி கேட்கும்:
இது வேறொருவருடையது. அழிக்கவா?
நான் அழித்ததே இல்லை.
என் அலமாரியில் டிங்கு9 இருக்கிறான்,
ராஜகுமாரி ஹேதல் இருக்கிறாள்,
பெயர் வைக்கும் இடத்தில்
இந்தியில் கெட்ட வார்த்தை எழுதிய ஒரு தவளையும்.
அதோடு ஆடும்போது மட்டும்
ஜன்னலைச் சாத்திக்கொள்வேன்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல்
நத்தையை மேடையில் வைத்தேன்.

ஜெபக்கன்.

எட்டெழுத்துக்கு மேல் ஏற்காத ஆட்டம் அது.
ஜெபக்கனி என்று ஆங்கிலத்தில் அடித்தால்
கடைசி ஐ உதிர்ந்து
ஆம்பிளை ஆகிவிடுவேன்.
உலகத்தில் வேறு யார் இருக்க முடியும்
அப்படி ஒரு பெயரில்?

ஊரடங்கு வருஷம். வாடகை மூன்று மாதம் பாக்கி.
பதினோரு பொம்மை, மேடை, ஒயர்
எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்து நானூறு.
ஸ்கூட்டரில் வந்தவனுக்கு
முகக்கவசத்தின் மூச்சில் கண்ணாடி வெளுத்திருந்தது.
எண்ணிப் பார்க்காமல் பையைக் கட்டிக்கொண்டான்.
நானும் நோட்டை எண்ணவில்லை.
இன்னொரு மேடை வாங்க
இரண்டு வருஷம் ஆனது.

நகத்தால் சுரண்டினேன்.
ஊதாவுக்கு அடியில் பச்சை.
கொம்பு உடைந்த இடத்தில்
நான் ஒட்டிய ஊசிமூடி.

ஆறாம் நிலையில் விட்டுப் போனேன்.
இப்போது பத்தொன்பது.
மூவாயிரத்துச் சொச்சம் தங்கக்காசு.
நான் வாங்கித் தராத தொப்பி,
சிவப்பு, கொஞ்சம் கோணல்.
இத்தனை வருஷமும்
மேடையில் வைத்த ஒவ்வொரு தடவையும்
டிவி கேட்டிருக்கும் அந்தக் கேள்வியை.
இல்லை, இல்லை, இல்லை என்று
ஒரு விரல் சலிக்காமல் அழுத்தியிருக்கிறது.
அந்த ஸ்கூட்டர்காரனா, அவன் தங்கையா,
இல்லை அவர்களும் விற்று
நாலு கை மாறியதோ.
நகப்பாலிஷை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

தவசிங் எழுந்து வந்து
அடுப்பில் என்ன என்றான்.
ஒன்றுமில்லை.
பக்கத்தில் உட்கார்ந்து டிவியைப் பார்த்தான்.
யார் இந்த ஜெபக்கன், உன் அண்ணனா?

டிவிக்குள் நத்தை மூச்சு வாங்கி நிற்கிறது,
எப்போது நகர்த்துவாய் என்று கேட்பதுபோல்.
பாலத்துக்கு அந்தப் பக்கம் ஓர் அரக்கன்.
நான் இந்த இடம் வரை வந்ததேயில்லை.
எந்தப் பட்டனில் ஈட்டி பாயும் என்பதே
மறந்துபோயிருக்கிறது.