பதினேழு படி

வீட்டுக்காரர் போனில் சொன்னார்:
"செலவு உங்களுது, செவரு என்னுது.
ஆணி மட்டும் அடிச்சிராதீங்க."

சமாதானபுரத்து மாடிவீட்டுக்குப்
பதினேழு படி.
ஒன்பதாவது மூளி.
மே மாதம் கரண்ட் போன ராத்திரி
கேஸ் சிலிண்டரோடு செல்வின்
விழுந்தது அதில்தான்.
காலுக்குக் கம்பி வைத்தார்கள்.
படிக்கு யாரும் ஒன்றும் வைக்கவில்லை.

கிறிஸ்துமஸ் சீட்டில் எடுத்தது
ஆயிரத்து இருநூறு.
வண்ணார்பேட்டையில் ஆவுடையப்பன் அண்ணாச்சி
கலர் அட்டையைத் தூக்கிப் போட்டார்.
விசிறியாய் விரிந்தது,
விலை கேட்டதும் மடங்கியது.

"கலந்து தப்பிப்போன டப்பா
ஏதாவது கெடக்கா அண்ணாச்சி?"

ஏணிக்குப் பின்னாலிருந்து ஒன்று வந்தது.
யாரோ ஒரு டாக்டர் வீட்டம்மா
கடல் நிறம் கேட்டிருக்கிறாள்.
மிஷின் என்ன நினைத்ததோ,
முருங்கைக்கீரை அவித்த தண்ணீரைக்
கொடுத்திருக்கிறது.
"இதப் போயி வீட்டுக்கா?" என்றார்.
"மிதிக்கத்தானே" என்றேன்.
பாதி விலை.
பிரஷ்ஷில் பத்து பைசா குறைக்கவில்லை.

பெருமாள்புரத்து டைல்ஸ் கடையில்
உடைந்த சாம்பிள் சாக்கு நூறு ரூபாய்.
ஒன்றுக்கொன்று சொந்தமில்லை.
ஒன்றில் திராட்சைக் கொத்து,
ஒன்றில் மரம்போல மரமில்லாதது,
இன்னொன்றில், எந்தக் குளியலறைக்கோ
போயிருக்கவேண்டிய சிப்பி.
படியின் நெற்றிக்கு ஒன்றாக
வெள்ளை சிமெண்ட் குழைத்து ஒட்டினேன்.
இரண்டு கோணல். அப்படியே விட்டேன்.

அதற்கும் முன்னால் உப்புத்தாள்.
தேய்க்கத் தேய்க்கச்
சிவப்புக்குள் பச்சை, பச்சைக்குள் காவி.
இங்கே குடியிருந்து போனவர்கள் எல்லாம்
என் நகக்கண்ணுக்குள் வந்து சேர்ந்தார்கள்.
மூன்று நாள் சோற்றைக் கரண்டியால் தின்றேன்.
பெனிட்டாவின் பரீட்சை அட்டையை
அண்டைகொடுத்து
ஒன்பதாவதன் மூக்கை வளர்த்தேன்.
"அட்டையில என் பேரு இருக்கும்மா"
என்று அழுதாள்.
இப்போதும் இருக்கிறது,
சிமெண்டில், தலைகீழாய், பாதி.

படிக்குப் பெயிண்ட் அடிக்க
எல்லோரும் சொல்லும் வழி ஒன்று:
ஒற்றைப்படை இன்று, இரட்டைப்படை நாளை,
நடுவே தாண்டித் தாண்டிப் போய்க்கொள்ளலாம்.
தாண்டுகிற கால் எங்கள் வீட்டில் இல்லை.
ஆகவே பதினேழிலும்
சுவர்ப் பக்கத்துப் பாதி முதலில்.
கைப்பிடிப் பக்கம் இவருக்கு.

கார்த்திகை ஈரத்தில்
காய்வதற்கு இரண்டு நாள் பிடித்தது.
மறுபாதி அடித்த அன்று
கைப்பிடியும் ஈரம்.
பிசியோதெரபிக்குப் போகவேண்டும்.
என் தோளைப் பிடித்தார்.
பதினேழுக்கும் பேசவில்லை.
டர்பன்டைன் வாசத்தில்
இருவருக்கும் கண் எரிந்தது,
அப்படித்தான் சொல்லிக்கொண்டோம்.

டப்பா அடிதட்டியதால்
இரண்டாம் பாதியில்
தண்ணியாகவே கலக்கவேண்டியிருந்தது.
காய்ந்தபின் பார்த்தால்
மேலிருந்து கீழ்வரை நடுவில் ஒரு கோடு.
இந்தப் பக்கம் கீரை, அந்தப் பக்கம் கீரைத்தண்ணி.

"ஏட்டி, கோடு தெரியுதே."
"தெரியட்டும். ரோட்டுல போடலியா?"

நேற்று ராத்திரி மறுபடி கரண்ட் போனது.
மெழுகுவர்த்தியைத் தேடிக்கொண்டிருந்தேன்.
கீழே கேட் சத்தம்.
எழுந்து ஓடக்கூடாது என்று
அடுக்களைத் தரையில் உட்கார்ந்து எண்ணினேன்.
ஆறு. ஏழு. எட்டு.
ஒன்பதில் நின்றார்.
குதிகாலால் ஒருதரம் தட்டிப் பார்க்கிற சத்தம்.
இன்னொரு தரம்.
பத்து.

இன்று காலை வீட்டுக்காரர் வந்தார்.
ஏறும்போதே "அடடா, அடடா."
திராட்சையைத் தடவினார், சிப்பியைத் தடவினார்.
காப்பியைக் குடித்து முடித்துவிட்டு
"ஜனவரியிலேருந்து ஒரு ஐந்நூறு
கூட்டிக்கிடுவமா?" என்றார்.

செல்வின் என்னைப் பார்த்தார்.
நான் டம்ளரை எடுத்துக்கொண்டு போய்
ரொம்ப நேரம் கழுவினேன்.

பெயிண்ட் காய்ந்து பத்து நாளாகிறது.
ஜன்னல் வழியே பார்த்தேன்:
வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு
கோட்டை மிதிக்காமல்
இறங்கிக்கொண்டிருந்தார்.