காற்புள்ளி

அச்சகத்திலிருந்து வந்த முதல் படியை
மடியில் விரித்துக் காட்டினார்.
இடுப்புவரைதான் படம்.
வெள்ளைச் சேட்டு, திருநீறு, படிய வாரிய தலை.
சாமித்தம்பி வில்வரெத்தினம், சுயேச்சைக் குழு.
சின்னத்துக்கு ஒரு வெறும் பெட்டி.
கீழே பொடி எழுத்தில் வரலாறு:
பிறந்தது முனைக்காட்டில்,
படித்தது சாதாரண தரம் வரை,
கோயில் நிர்வாகத்தில் இரண்டு தவணை,
சாராயத் தவறணையை மூடவைத்தது ஒரு தரம்.

படிப்புக்கும் கோயிலுக்கும் நடுவே
பதினான்கு வருடம்
ஒரு காற்புள்ளியாகக் கிடக்கிறது.

நான் அதற்குள்தான் இருக்கிறேன்.
மாரிகாலம். வெல்லாவெளிக்கு அப்பால்
வயலெல்லாம் முழங்காலளவு தண்ணீர்.
வரம்பில் வெடித்தது
அவருடைய இடக்காலைக் கொண்டுபோனது.
எனக்குப் பத்தொன்பது வயது.
சாரத்தைக் கிழித்துக் கட்டி
தோளில் போட்டு நடந்தேன், இரண்டு மைல்.
முதலில் தண்ணீர் கேட்டார்.
மறுகா என்னை அம்மா என்றார்.
மறுகா, சுட்டுவிடு என்றார்.
கேட்ட எதையும் நான் கொடுக்கவில்லை.
கொண்டுபோய்க் கிடத்தியபோது
விடியப்புறம் மூன்று மணி.

போன கிழமை கோயில் வீதியில்
ஒலிபெருக்கி வைத்துப் பேசினார்:
பொம்பிளைப் பிள்ளைகள்
ஆறு மணிக்குள்ள வீட்ட வந்திரவேணும்.
நம்மட குடி, நம்மட கோயில், நம்மட ஒழுக்கம்.
மீன் வாங்கிக்கொண்டு நின்ற நான்
சிரித்த சிரிப்பில்
மீன்காரன் தராசைத் தவறவிட்டான்.

இப்போது என் வீட்டில், பிளாஸ்டிக் கதிரையில்,
ஒரு படிவத்தோடு.
பட்டியலில் பொம்பிளை குறையுதாம்.
சட்டமாம். இல்லாவிட்டால்
கச்சேரியில் தள்ளிவிடுவார்களாம்.
"உன்ட பேரைப் போடுவம்" என்று
பேனையைத் திறந்தவர் அப்படியே நின்றார்.
இருபத்தைந்து வருடமாக அவருக்கு நான் அருவி.
"சொந்தப் பேர் என்னகா?"
தில்லைமலர் என்றேன்.
ஓரெழுத்து விட்டு எழுதினார்.

"ஆறு மணிக்குப் பிறகு கூட்டம் வந்தா?"
"அது வேற."
"இந்தப் பதினாலு வருசம்?"
பொய்க்காலின் முழங்காலுக்குக் கீழே
கடிப்பதுபோலச் சொறிந்தார்.
"எழுதினாலும் கேப்பாங்க,
எழுதாட்டியும் கேப்பாங்க."
"அப்ப எழுதுங்க.
ஒரு வரி. நான் கையெழுத்து வைக்கிறன்."
தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்தார்.
படிவத்தை நாலாக மடித்துச்
சட்டைப்பைக்குள் வைத்தார்.
பிறகு எடுத்து, மேசையில்
பிரேசருக்கு அடியில் வைத்தார்.

பிரேசர் இல்லை, நாக்குத் தடுமாறுகிறது எனக்கும்:
பிளேன்டிக் கோப்பைக்கு அடியில்.

கடைசி பஸ் போய்விட்டது. நேரம் ஆறரை.
"சந்தியில இறக்கிவிடுவியா?" என்றார்,
என்னைப் பார்க்காமல்.
ஸ்கூட்டியின் பின்னால் ஏறி
அந்தக் காலைத் தனியாகத் தூக்கி வைத்தார்.
அன்றைவிடப் பாரம்.
அல்லது எனக்கு வயது போய்விட்டது.

பாலையடி வளைவு திரும்பும்போது
முதுகுக்குப் பின்னால் குரல் வந்தது,
கட்டளைக் குரல்தான், ஆனால் தாழ்ந்து:
"லைற்றை நூத்துப்போடு."
கண்மணிப்பிள்ளை வீடு அது.
மகன் சுதன், பதினாறு வயது.
ரியூசனுக்குப் போன கொப்பியோடு
கூட்டிப்போனது இவர்.

நான் நூர்க்கவில்லை.
படலையில் நின்ற அந்த மனுசி
வெளிச்சத்துக்கு நெற்றியில் கையை வைத்து
யார் வருவது என்று பார்த்தாள்.