வடம்போக்கித் தெரு, சூரிச்

கோப்பு இறங்கப் பதினொரு நிமிடம்.
பாதியில் கரண்ட் போனது,
மறுபடி முதலிலிருந்து.
நிறுவும்போது பெயர் கேட்கவில்லை, ஆதார் கேட்கவில்லை,
இன்னார் மனைவியா என்று கேட்கவில்லை.
நாற்பது பக்க நிபந்தனைக்குக் கீழே
ஒரு சின்னக் கட்டம்.
கல்யாணப் பதிவேட்டில் போட்டதைப் போலவே
படிக்காமல் போட்டேன்.

எந்த நாடு என்று பட்டியல் நீண்டது.
கிட்டத்தில் இருப்பது சிங்கப்பூர், வேகமும் அதிகம்.
அங்கே பெரிய மாமா மகன் இருக்கிறான்.
வேண்டாம்.
தெரிந்தவர் யாருமில்லாத ஊராகப் பார்த்து
சூரிச்சை அழுத்தினேன்.
சாம்பல் பூட்டு பச்சையானது.
சத்தம் எதுவும் இல்லை.
ஃபேன் அதே மூன்றில் சுற்றிக்கொண்டிருந்தது.

மஹால் வடம்போக்கித் தெருவுக்கு
நெட் விடுவது என் கொழுந்தன் சாந்தாராம்.
தேர்வடம் போக வழிவிட்ட தெருவாம்,
இப்போது கம்பத்துக்குக் கம்பம் அவனுடைய கேபிள்.
சாப்பிடும்போது சொல்வான்,
எந்த வீட்டில் ராத்திரி ஒரு மணிக்கு
எந்தத் தளம் திறக்கிறது என்று
பெயர் சொல்லி.
எல்லாரும் சிரிப்பார்கள்.
நான் ரசம் ஊற்றுவேன்.

இனி என் பேரில் அவனுக்குத் தெரிவது ஒரே வரி:
சூரிச்.
நேற்றும் சூரிச். முந்தாநாளும்.
சுவிட்சர்லாந்தில் இவளுக்கு என்ன வேலை என்று
யோசிக்கட்டும்.

மகாலிலிருந்து கோயிலுக்குச் சுரங்கம் போகிறது,
எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரியும்.
பார்த்தவரைத்தான் காணோம்.

சங்கேதம் எனக்குப் புதிதும் இல்லை.
பள்ளிக்கூட வாசலில் அம்மாவோடு
சௌராஷ்டிரத்தில் பேசினால்
சிநேகிதிகள் முறைப்பார்கள்:
'எங்களத்தான திட்டுற?'
பாதி நாள், ஆமாம்.
ஆனால் அந்தப் பூட்டுக்கு
இந்த வீட்டில் ஆளுக்கொரு சாவி.

கணினி முதலில் நம்பியது.
மூலையில் முப்பத்தொன்பது டிகிரி காட்டியது
ஏழு என்றது, தூறல் என்றது.
விளக்குத்தூண் ஜவுளி விளம்பரம் வந்த இடத்தில்
கம்பளிக் குல்லாய் போட்டு ஒருத்தி
புரியாத மொழியில் சிரித்தாள்.
எனக்குக் கழுத்தில் வியர்க்குரு.

பேங்குதான் பயந்துவிட்டது.
என் சம்பளக் கணக்கு;
போன் நம்பர் அவருடையது.
'புதிய இடத்திலிருந்து நுழைவு. இது நீங்கள்தானா?'
கடையிலிருந்து கூப்பிட்டார்:
'நீ எங்க இருக்க?'
'வீட்லதான்.'
பொய்யில்லை.
'அப்ப யாரு அது?'
அதற்கு உடனே பதில் வரவில்லை எனக்கு.
சாஃப்ட்வேர் கோளாறு என்றேன்.

அமைப்புகளில் ஒரு தெரிவு உண்டு:
சுரங்கம் அறுந்தால்
மொத்த இணைப்பையும் நிறுத்து.
அதையும் போட்டுவைத்தேன்.
ஒரு நொடிகூட
மதுரையில் பிடிபடக் கூடாது.

பிறகு தேடினேன்.
கோயம்புத்தூர். பெண்கள் விடுதி. தனி அறை.
வாடகை, அட்வான்ஸ், வாஷிங் மெஷின் உண்டா.
அத்தனையும் சுருண்டு, கலைந்து, கடல் தாண்டிப் போய்
ஆல்ப்ஸ் அடியில் அவிழ்ந்து
காந்திநகர் பஸ்ஸைவிட வேகமாகத்
திரும்பி வந்தது.

வழியில் நிற்கிறவன் பார்க்க முடியாது என்றுதான்
அந்த மென்பொருள் சொன்னது.
முதுகுக்குப் பின்னால் நிற்கிறவளைப் பற்றி
நாற்பது பக்கத்தில் எங்காவது இருந்திருக்கலாம்.

சுகுணா. நாத்தனார்.
என்னைவிட மூன்று வயது இளையவள்.
கையில் மடித்த துணி, எவ்வளவு நேரமாகவோ.
மூட ஒரு விரல் போதும்,
விரல் அசையவில்லை.

'அந்த ஹாஸ்டல் வேண்டாம்,' என்றாள்,
எங்கள் மொழியில், அதிலும் மெதுவாக.
'ஏழு மணிக்கே கேட்டப் பூட்டிருவாங்க.
காந்திபுரம் பக்கம் பாரு.'

துணியைக் கட்டிலில் வைத்துவிட்டுப் போனாள்.
அவளுக்கு எப்படித் தெரியும் என்று
நான் கேட்கவில்லை.
சூரிச்சில் தூறல் நின்றபாடில்லை.
உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு
காந்திபுரம் என்று தட்டினேன்.