புகை போடுகிறவன்

பாகானில் என் வேலை
புகை போடுவது.

விமானம் ஏறி வருகிறவர்கள்
வெளிச்சத்தைத் தேடி வருகிறார்கள்.
வெறும் வெளிச்சம் படத்தில் தெரியாது.
எதன் மேலாவது விழ வேண்டும் அதற்கு.
அந்த ஏதோ ஒன்றை
நான் தகரத் தட்டில் வைத்துக்கொண்டு
தூணுக்குப் பின்னால் குந்தியிருப்பேன்.

மற்றவர்கள் வைக்கோல் கொளுத்துவார்கள்.
பழுப்பாக எழும், அவசரப்படும், தொண்டையைப் பிடிக்கும்.
என்னுடையது சாம்பிராணி.
யாங்கோன் காளி கோயிலை ஒட்டிய கடையில்
அரைக்கிலோ வாங்கி
இரவு பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவருவேன்.
வெள்ளைப் புகை. சோம்பேறிப் புகை.
விருந்துக்கு வந்து கிளம்ப மனமில்லாத மாப்பிள்ளை போல
ஜன்னலோரம் சாய்ந்து நிற்கும்.

தொழில் ரகசியம்.
கோ மின் சோ என்று கூப்பிடுகிற எவருக்கும் சொன்னதில்லை.
கோட்டைச்சாமி என்று கூப்பிட
இந்த ஊரில் ஆளில்லை.

பெயர் இல்லாத சின்னக் கோயில் அது,
எண் மட்டும் உண்டு.
கிழக்கு ஜன்னலில் ஏழு நாற்பதுக்கு வெயில் நுழையும்.
பதினோரு நிமிடம்.
அதற்குள் ஒரு பிக்குப் பையன் சுவடி வாசிக்க வேண்டும்.
சுவரில் பாதி உதிர்ந்த புத்தர் கேட்க வேண்டும்.
எல்லாம் கனவு போல இருக்க வேண்டும்.

பையன் பெயர் நந்தியா, மடத்தில் வைத்தது.
ஒன்பது வயது.
அங்கி காவி இல்லை,
மாடியில் காயப்போட்டு மறந்த மிளகாயின் நிறம்.
சுவடியைத் தலைகீழாகப் பிடித்திருந்தான்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
வந்தவருக்குப் பர்மிய எழுத்து வட்டம் வட்டமாகத்தான் தெரியும்.
எப்படித் திருப்பினாலும் வட்டம், வட்டம்தானே.

ஹென்ரிக் நல்ல மனிதர்.
யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றினார்.
செங்கல் தரையில் முழங்கால் தேய மண்டியிட்டார்.
இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று
கையால் எனக்குச் சைகை காட்டினார்.

அன்றைக்குச் சாம்பிராணி இல்லை.
பஸ் ஓடாத வாரம்.
ஈரப் பனைமட்டையைக் கொளுத்தியிருந்தேன்.
சுவடியும் பனை, புகையும் பனை.
ஒரே மரத்தில் பாதி அவன் மடியில்
பாதி என் தட்டில்.

முரட்டுப் புகை. நேராகப் பையனின் கண்ணுக்குள் போயிற்று.
அவன் துடைக்கவில்லை.
அசையாதே என்று சொல்லியிருந்தோம்.
நீர் மூக்கோரமாக இறங்கி
மேலுதட்டில் நின்றது.
வெயில் அதில் ஏறிக்கொண்டது.
காமிரா சடசடத்தது, நாற்பது தடவை இருக்கும்.
எழுந்தபோது ஹென்ரிக்கின் கண்ணிலும் ஈரம்.
புகையா, வேறு ஏதாவதா,
நான் கேட்கவில்லை.

திரையைப் பையனுக்குக் காட்டினார்.
பையன் தன்னைப் பார்க்கவே இல்லை.
மூலையை விரலால் அகலமாக்கினான், இன்னும் அகலமாக்கினான்.
இருட்டில் இரண்டு விரல்,
ஒரு தட்டின் விளிம்பு.
"உன் கை" என்றான்.
சிரித்தான். முன்பல் ஒன்று விழுந்திருந்தது.

அழித்துவிடலாம், ஒரு நிமிட வேலை
என்றார் ஹென்ரிக், மன்னிப்புக் கேட்கிற குரலில்.
மன்னிப்பு என்னிடமா படத்திடமா தெரியவில்லை.

நியாங்-ஊ டீக்கடையில் அது இப்போது காலண்டர்.
ஏதோ டின்பால் கம்பெனி அச்சடித்தது.
கீழே உள்ள ஆங்கிலத்தைக் கடைக்காரர் மகள் படித்துச் சொன்னாள்:
ஞானத்தின் முதல் துளி.
பையனின் தோளுக்குப் பக்கத்தில்
பேனாவால் சர்க்கரைக் கணக்கு.
என் விரல் இல்லை, தட்டு இல்லை.
புகை எங்கிருந்தும் வராமல்
சும்மா இருக்கிறது, கடவுள் மாதிரி.

நந்தியா அங்கியைக் களைந்து வருடமாகிறது.
முடி வளர்ந்து, லுங்கி கட்டி,
செங்கல் லாரியில் வந்து இறங்கினான் போன வாரம்.
தன் படத்துக்குக் கீழேயே உட்கார்ந்தான்.
நிமிர்ந்து பார்த்தான்.
இரண்டு கண்ணையும்
புறங்கையால் நன்றாகக் கசக்கினான்.

பிறகு டீ சொன்னான்.
எனக்கும் சேர்த்து.