மேசைக்காலுக்குக் கீழே இருந்த நாவல்

ஐந்து நிமிடம் தந்தார்கள்.
ஆரஞ்சு மேலங்கி போட்ட பையன் ஒருவன்
வாசலில் கடிகாரத்தோடு நின்றான்,
தேர்வுக்கூடத்துக் கண்காணிப்பாளன் போல.
மகன் எழுதித் தந்த பட்டியல் என் கையில்:
சார்ஜர், நீலக் கையுறை, கால்பந்துக் காலணி,
பூனைக்கு மருந்து.
பூனை முதல்நாளே வண்டியில் ஏறிவிட்டிருந்தது,
எங்கள் எல்லாரையும்விட
அதற்குத்தான் முதலில் தெரியும்.

சமையலறையில் ஒரு விரிசல்.
அடுப்படியில் தொடங்கி
ஃப்ரிட்ஜுக்கு அடியில் புகுந்து
தோட்டத்துப் பக்கம் போயிருந்தது.
உள்ளே யாரோ உருளைக்கிழங்கு வேகவைப்பதுபோல
ஆவி.

பதினோரு வருடம் ஆடிய மேசை
அன்றைக்கு ஆடவில்லை.
குட்டைக்காலுக்குக் கீழே தரை மேடிட்டிருந்தது.
முட்டுக்கொடுத்திருந்த புத்தகம்
விலகிக் கிடந்தது,
வேலை போன ஆள் மாதிரி.
எடுத்தேன்.
ஏன் என்று கேட்காதீர்கள்.
காலணியை மறந்துவிட்டேன்.

நூலகப் புத்தகம்.
திருப்பித் தரவேண்டிய நாள்: போன மார்ச்.
சால்வோர் மூன்று கடிதம் அனுப்பியும்
நான் அசையவில்லை.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவள்,
பகலெல்லாம் மீன்பெட்டிகளை இறக்கி இறக்கி
ராத்திரி பன்னிரண்டாம் பக்கத்தில் தூங்கிவிடுவேன்.
கதையும் அப்படி.
பெயர் சொல்லாத ஊரின் ரயில் நிலையத்தில்
ஒருவன் பெட்டியோடு உட்கார்ந்திருக்கிறான்.
ரயில் வரவில்லை. அவ்வளவுதான்.

ஐஸ்லாந்தில் ரயிலே கிடையாது.
தண்டவாளத்தை நான் கண்டது ஒரே தடவை,
கோபன்ஹேகனில், தேனிலவுக்குப் போனபோது.
வராத ஒன்றுக்காக ஒருவன்
இருநூறு பக்கம் உட்கார்ந்திருப்பதை
என்னிடம் எதற்குச் சொல்கிறார்கள் என்று
மேசைக்கு அடியில் தள்ளினேன்.

இப்போது தலைநகரின் ஓரம்,
யாரோ ஒருவருடைய விருந்தினர் அறை.
வந்த அன்று ஒரு வாரம் என்றார்கள்.
பிறகு கிறிஸ்துமஸுக்குள் என்றார்கள்.
பிறகு வானொலியில் நிலவியலாளர்
'தற்போதைக்கு' என்ற சொல்லை
ஒரே வாக்கியத்தில் இரண்டு தடவை சொன்னார்.
அன்று இரவுதான் மறுபடி திறந்தேன்.

அவன் பெட்டியைத் திறப்பதே இல்லை.
முன்பு அது எரிச்சலாக இருந்தது.
சட்டை மாற்றேன், மனுஷா, சவரம் செய்யேன்.
இப்போது என் பெட்டியைப் பார்க்கிறேன்,
கட்டில் பக்கத்தில், பூட்டியபடி.
துணிகளை இந்த அலமாரியில் மடித்து வைத்தால்
ஏதோ ஒரு தாளில்
கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிடும்.

நாற்பத்தேழாம் பக்கத்தில்
நிலைய அதிகாரி அவனுக்குத் தேநீர் தருகிறார்.
இருவரும் ரயிலைப் பற்றிப் பேசுவதில்லை.
செவ்வாயன்று கடையில் எய்விந்தூரைப் பார்த்தேன்.
அவர் வீட்டின்மேல் எரிகுழம்பு ஏறிவிட்டது,
என் வீடு இன்னும் நிற்கிறது.
தயிர் விலை பற்றிப் பேசினோம்.
அரைமணி நேரம், தயிர் விலை.

சால்வோருக்குப் போன் செய்தேன்,
அபராதம் எவ்வளவு என்று கேட்க.
சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள்.
"கணினியில் நம்ம கிளையே இல்லை இப்போ.
வாங்கின நீ இருக்கே, புத்தகம் இருக்கு,
கொடுத்த இடம்தான் இல்லை.
படி" என்றாள்.
அவளும் எங்கோ ஒரு கோடைக்குடிலில்;
கணப்பு சரியில்லையாம்.

காலணிக்காக ஒன்பது நாள்
முகம் கொடுத்துப் பேசாத ஸ்டுர்லா
நேற்று மேல்படுக்கையிலிருந்து கேட்டான்:
"ரயில் வந்துச்சா?"
இல்லை.
"இன்னும் எத்தனை பக்கம்?"
வலது கட்டைவிரலால் கனத்தைத் தடவிப் பார்த்தேன்.
அறுபது இருக்கும்.
"அப்போ வந்துடும்" என்று
சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்,
புத்தகமே தொடாத பிள்ளை.

விளக்கை அணைக்கவில்லை.
தரை லேசாக நடுங்கியது,
அல்லது கீழே பேருந்து போனது.
இந்த ஊரில் ராத்திரியும் பேருந்து ஓடும், பழக வேண்டும்.
நூற்று நாற்பத்தொன்றாம் பக்கம்.
அவன் எழுந்து நின்று
ஒவ்வொரு சட்டைப்பையாக
பெட்டியின் சாவியைத் தேடிக்கொண்டிருந்தான்.