ராமபாணம்

பள்ளத்தூரில் அந்த வீட்டுக்குப் பதினோரு பங்கு.
சாவி மூன்றாம் பங்கு வயிரவனிடம்.
சுவரில் கோட்டைகள் ஏழு.
ஏழைப் பதினொன்றால் வகுத்துத் தர
காரைக்குடியிலிருந்து என்னை வரவழைத்தார்கள்,
பழம்பொருளுக்கு விலை சொல்கிறவன் என்று.

ஒவ்வொன்றாக ஆணியிலிருந்து இறக்கினேன்.
சட்டம் பர்மாத் தேக்கு. தாள் சீமைத் தாள்.
அடியில் 'கேப்டன்' என்று ஆங்கிலத்தில் தொடங்கி
ஈரம் தின்றுவிட்ட ஒரு பெயர்.

பெயர் போனாலும் அவன் நின்ற இடம் போகவில்லை.
வேறு ஓவியன் என்றால்
வாசலை வரைந்திருப்பான், யானைக் கதவை, கொடியை.
இவன் அகழி தூர்ந்த மூலையில் நிற்கிறான்.
மதில் தாழும் இடத்தில்,
ஏணி சாத்த வாகான சரிவில்.
எந்தக் கோட்டையையும்
எங்கே உடையுமோ அங்கிருந்தே பார்த்திருக்கிறான்.
அழகாகத்தான் இருக்கிறது.
அதுதான் எனக்குத் தொந்தரவு.

வண்ணம் அவனுடையதல்ல.
அச்சில் கறுப்பாக வந்த தாள்களை
லண்டனில் ஒரு நீள மேசையில்
யாரோ கூலிக்குத் தீட்டியிருக்க வேண்டும்,
ஆளுக்கொரு நிறம், தாளுக்கு இத்தனை காசு.
நீலக்காரி முடித்துப் பச்சைக்காரியிடம் தள்ள,
அவள் பழுப்புக்காரியிடம் தள்ள,
கருங்கல் மலைக்கு ரோஜா நிறம் வாய்த்தது.
கத்திரி வெயிலுக்கு ஐப்பசி வானம்.
பனையின் தலையில் செம்பூ.

ஐந்தாம் படத்தில் மட்டும்
தோல்பையில் தண்ணீர் சுமந்து மேடேறும் ஒருவனை
எந்தத் தூரிகையும் தொடவில்லை.
அடுத்தவள் தொடுவாள் என்று இவள் நினைத்திருக்கலாம்.
சாப்பாட்டு மணி அடித்திருக்கலாம்.
சுற்றிலும் ரோஜா மலை, நீல வானம்.
அவன் வெறும் தாளாக நடக்கிறான்.

"இது நம்ம திருமயமா?"
கோலாலம்பூரிலிருந்து அலைபேசித் திரையில்
எட்டாம் பங்கு சொர்ணவல்லி ஆச்சி.
இல்லை, வடக்கே எங்கோ என்றேன்.
"அப்ப எனக்கு வேணாம். காசா குடுங்க."

பின்பலகையைக் கழற்றியபோது
கணக்குத் தாள் ஒன்று மடிப்போடு விழுந்தது.
ரங்கூன் கடை, சாத்தப்பச் செட்டியார் கையெழுத்து:
'வராக் கடனுக்கு ஈடாகக் கோட்டை உருப்படி ஏழு.
பெறுமானம் சந்தேகம்.'
வயிரவன் சத்தமாகப் படித்துவிட்டுச் சிரித்தார்.
ஒரு குண்டும் சுடாமல்
ஏழு கோட்டை பிடித்த குடும்பம்.

பிறகு நாலாம் படத்தைக் காட்டி,
"குண்டு பட்ட ஓட்டையைக்கூட வரைஞ்சிருக்கான் பாருங்க" என்றார்.
விரல் வைத்துப் பார்த்தேன். வரைந்ததில்லை.
கொத்தளத்தைத் துளைத்து,
பின்னாலிருந்த கணக்கைத் துளைத்து,
பலகைவரை நேர்கோடாகப் போயிருக்கிறது
ராமபாணப் பூச்சி.
கேப்டன் கைவிட்ட மூலை அது,
இருப்பதிலேயே பலமான மூலை.

பட்டியல் எழுதினேன்.
நாலு: துளை ஒன்று, விலை பாதி.
ஐந்து என்று எழுதி, குறை என்ற கட்டத்தில்
பேனா கொஞ்ச நேரம் நின்றது.

"அந்தத் தண்ணிக்காரனுக்கு மட்டும்
லேசா ஒரு கலர் குடுத்துட்டா என்ன?
பேத்தி பெட்டி வச்சிருக்கா" என்றார் வயிரவன்.

தொட்டால் விலை விழுந்துவிடும் என்றேன்.
அவருக்குப் புரிகிற காரணம் அது.